கேட்காத காதோடு விமானம் ஓட்டுகிற மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு என்று எழுதி, அடித்துவிட்டேன். அன்பு எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் இப்போது அதை மறைத்துக்கொண்டு கோபம் நிற்கிறது. அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் சொன்னால் ஆகாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்துபோன செய்தியைச் சொன்னேன். அதற்கு நீ, "நல்லதும்மா, வச்சிரவா" என்றாய். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏதோ வேலை நெருக்கடி, காதில் வாங்கவில்லை என்று நானே உனக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடிதத்துக்கு நீ தலையாட்டித் தப்பிக்க முடியாது. இதை ஒட்டி மூடி அனுப்பப் போவதும் இல்லை. உன்னைப் போல விமானத்து முனையில் அந்தச் சின்ன அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிற மற்ற பிள்ளைகளுக்கும் வீட்டில் அம்மா அப்பா இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும். உன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. உன் மானம் ஒன்றும் போகாது, பயப்படாதே.

திருச்சுழி கோயிலில் பெண் பார்த்த அன்றிலிருந்து தொடங்குகிறேன். காரியாபட்டிப் பிள்ளை, மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். தகப்பன் இல்லாத பிள்ளை. பெரியவர்கள் எல்லாரும் கொஞ்சம் விலகிக்கொண்டு உங்களைப் பிரகாரத்தில் பேச விட்டோம். நான் மட்டும் தாய்க்காரி புத்தியில் நாலு எட்டு தள்ளி, விபூதி மடிக்கிற சாக்கில் நின்றேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள். இருந்தாலும் எனக்கே கேட்டது. "எங்க அம்மாவுக்கு என்னைய விட்டா யாரும் இல்லங்க. கல்யாணத்துக்கு அப்புறம் அவுகளையும் நம்மகூட வச்சுக்கிரலாமா?" என்றாள். இதைக் கேட்பதற்கு அந்தப் பிள்ளை எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருப்பாளோ. நீ அவளுக்கு இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு கோபுரத்துப் புறாவை வேடிக்கை பார்த்தாய். அவள் முகம் சுருங்கிப்போனது. எனக்குப் பதறிவிட்டது. நம் தறி ஷெட்டில் நூல் அறுந்தால் ஒருவருக்கொருவர் காட்டுவோமே, இரண்டு விரலை வெட்டி, அங்கே கவனி என்று ஆளைச் சுட்டுகிற அந்தச் சைகை, அதைக் காட்டினேன். நீ சட்டென்று திரும்பி, அழகாகச் சிரித்து, "கண்டிப்பாங்க" என்றாய். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வயிற்றில் பிறந்ததற்கு எவ்வளவு பெரிய மனசு என்று நான் சாமியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். அந்தக் கும்பிடை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் உன்னைக் காணோம். மாடியில் உனக்காக மெத்தை விரித்து, ஏசி போட்டு வைத்திருந்தேன். தேடினால், நீ ஷெட்டில், தறிகள் எல்லாம் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்க, பாவு நூல் சுற்றிய கட்டுகளுக்குப் பக்கத்தில் கோரைப்பாயைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறாய். உன் அப்பாவுக்கு ஒரே பெருமை. "பாத்தியா, பைலட்டு ஆனாலும் நம்ம ரத்தம்! சத்தம் இருந்தாத்தான் தூக்கம் வருது பயலுக்கு!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அவர் எதையும் தெருவுக்குக் கேட்கும்படிதான் சொல்வார், அவருக்கே கேட்க வேண்டுமே. நீ குழந்தையாக இருந்தபோது உன் தொட்டிலை ஷெட்டு வாசலில்தான் கட்டியிருந்தோம். தறி ஓடும்வரை தூங்குவாய். கரண்ட் போய்த் தறி நின்றதும் வீறிட்டு அழுவாய். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஒரு பச்சைப் பிள்ளை சத்தமில்லாத இடத்துக்குப் பயப்படுகிறதே, இது நல்லதா என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

காப்பி கொடுக்க உன்னை எழுப்பி அடுப்படிக்குக் கூட்டி வந்தேன். சும்மா பேச்சுவாக்கில்தான், "அந்தப் பிள்ளையோட அம்மாவுக்குக் கீழ் ரூமக் குடுத்துருவமாய்யா?" என்று கேட்டேன். நீ டம்ளரை வைத்துவிட்டு, "எந்த அம்மா?" என்றாய்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தாய். முப்பது வருஷமாக இந்த வீட்டில் இன்னொருவர் என் வாயை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, "எந்தக் காது?" என்று மட்டும் கேட்டேன்.

"ரெண்டும்தாம்மா. எடது காது ரொம்ப. எந்நேரமும் உள்ள விசில் அடிச்சுக்கிட்டே இருக்கு. தறி ஓடுற எடத்துலதான் அது கொஞ்சம் அடங்குது" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய் பார், அந்தச் சிரிப்புக்குத்தான் உன்னை ஒரு அறை விட்டிருக்க வேண்டும். வளர்ந்த பிள்ளை, கல்யாணத்துக்கு நிற்கிறவன் என்று கையை அடக்கிக்கொண்டேன்.

பிறகு நீயாகவே சொன்னாய். விமானம் ஓட்டுவது என்றால் மேகத்துக்கு மேலே அமைதியாக மிதப்பது என்று ஊர் நினைக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். பஸ்ஸு மாதிரி ஊருக்கு ஊர் இறங்கி ஏறுகிற உன் சின்ன விமானத்தில் ரெண்டு பக்கமும் காற்றாடி சுற்றுகிற இரைச்சல், முன்கண்ணாடியில் காற்று வந்து மோதுகிற இரைச்சல், உள்ளே குளிர்காற்றுக் குழாயின் இரைச்சல், இடையில் எச்சரிக்கை மணிகள். அதற்கு மேலே, அதையெல்லாம் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதற்காக ஹெட்செட்டில் சத்தத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது. கேப்டன் இடது பக்கம் உட்கார்ந்திருப்பார், அவர் பேசுவது கேட்க வேண்டுமே என்று அந்த இடது பக்க மூடியை மட்டும் காதிலிருந்து நகர்த்தி வைத்துக்கொள்வாய். "எல்லாரும் அப்பிடித்தாம்மா வச்சுக்கிருவோம்" என்றாய். ஒரு நாளைக்கு நாலைந்து ஊர் ஏறி இறங்கி, ரூமுக்குப் போனால் தலை விண்விண்ணென்று தெறிக்கும், யாராவது ஒரு வார்த்தை பேசினாலும் எரிந்து விழத் தோன்றும் என்றாய். பல தடவை என்மேல் எரிந்து விழுந்திருக்கிறாய். டவுனுக்குப் போனதும் பிள்ளைக்குத் திமிர் வந்துவிட்டது என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

ஹெட்செட்டைப் பற்றி நீ சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஸ்பாஞ்சு பிய்ந்துபோன, காதை ஒழுங்காக மூடாத ஒன்றைக் கொடுத்து ஓட்டச் சொல்கிறார்களாம். இரைச்சலை அடக்குகிற நல்லது ஒன்று கடையில் இருக்கிறதாம், ஆனால் கம்பெனி வாங்காதாம். நீ போய்க் கேட்டதற்கு, "முன்னாடி ஓட்டுனவங்க எல்லாம் இதவிட மோசமானதுலதான ஓட்டுனாங்க? பழகிரும்" என்றாராம் உன் மேலதிகாரி. பழகிவிடுமாம். இந்த வார்த்தையை எனக்குத் தெரியும். உன் அப்பா சொந்தத் தறி போடுவதற்கு முன்னால் இன்னொருவர் ஷெட்டில் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். காதில் ரத்தம் கசிந்தது என்று போய்ச் சொன்னபோது அந்த முதலாளியும் இதைத்தான் சொன்னார், வெற்றிலையை மென்றுகொண்டே, "பழகிரும்டா." அவர் சொன்னது பொய்யில்லை. பழகித்தான் போனது. காது செத்துப்போவதற்குத்தான் அவர்கள் ஊரில் பழக்கம் என்று பெயர். வேட்டி கட்டி வெற்றிலை போட்டுச் சொன்னால் என்ன, கோட்டுப் போட்டு இங்கிலீஷில் சொன்னால் என்ன? அவர்கள் காது பத்திரமாகக் குளிர்ந்த அறைக்குள் இருக்கிறது.

அவர்களைத் திட்டித் தீர்த்துவிட்டு உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. நம் வீட்டையும் நான் விடப் போவதில்லை. தறிக்காரர் வீட்டில் மட்டும்தான் இந்தக் கூத்து நடக்கும். மற்ற வீடுகளில் காது கேட்கவில்லை என்றால் டாக்டரிடம் ஓடுவார்கள். நம் வீட்டில் கையால் பேசிக்கொள்வோம். சாப்பிட வா என்பதற்கு ஒரு கை, கரண்ட் எப்போது வரும் என்பதற்கு ஒரு கை, கடன்காரன் வருகிறான் ஒளிந்துகொள் என்பதற்கு ஒரு கை. அது இருந்ததால் கேட்காதது ஒரு குறை என்றே நமக்குப் படவில்லை. காதில் பஞ்சு வைக்கச் சொன்னால் உன் அப்பா, "தறி பேசுறது கேக்கணும்ல" என்று மார் தட்டுவார். நீயும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தாய். காது கேட்காதவன் எப்படிச் சமாளிப்பது என்று நீ எங்கேயும் போய்ப் படிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் மடியிலேயே படித்துவிட்டாய். திருச்சுழியில் உன்னைக் காப்பாற்றியதும் அந்தக் கைதான், என் கைதான்.

ஆனால் அதற்கு உன் அப்பா கொடுத்த விலை உனக்குத் தெரியாது. நீ ஹாஸ்டலில் இருந்தாய். முதலில் அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். அப்புறம் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். நாலு பேர் சிரித்தால், "என்னயப் பத்தித்தான பேசுறீக?" என்று சண்டைக்குப் போவார். பேச்சுக்கார மனுஷன், குமாரலிங்கபுரத்தில் பஸ் ஏறிப் பேச ஆரம்பித்தால் விருதுநகர் வரை வாயை மூடாதவர், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார ஆரம்பித்தார். நீ முதன்முதலாக யூனிபார்ம் போட்டு விமானத்தில் ஏறிய அன்றைக்கு, "அப்பாகிட்டக் குடும்மா" என்று போனில் கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? அவர் போனை வாங்கி, "நல்லா இருக்கியாய்யா, சாப்டியாய்யா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பாவுக்கு உணர்ச்சியில் வார்த்தை வரவில்லை என்று நீ நினைத்திருப்பாய். நீ சொன்னதில் ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, "என்ன சொன்னான்?" என்று என்னைக் கேட்டார். நான் கையை விமானம் மாதிரி வைத்து மேலே தூக்கிக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பழையபடி தறிக்குப் போய்விட்டார். தன் மகன் வாழ்க்கையில் சொன்ன பெரிய செய்தியை அவர் என் கையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அது முதல் தடவை "அப்பா" என்று கூப்பிடும்போது நீ அதன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறாயா?

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். கண்ணைக் கசக்கிவிட்டு உனக்கு நல்ல டாக்டரைத் தேடியிருப்பேன். அடுத்து நீ சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அதை நீ ஒரு ஜோக்கு மாதிரி சொன்னாய். "ஒரு நாளு எறங்கப்போற நேரத்துல ஏர்போர்ட்டு டவர்ல இருந்து ரேடியோவுல கூப்புட்டுருக்காங்கம்மா. எனக்குக் கேக்கவே இல்ல. திரும்பத் திரும்பக் கூப்புட்டுருக்காங்க. கடைசில கேப்டன்தான் எடுத்துப் பேசுனாரு" என்றாய். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "என்ன சொல்லுவாரு? அவருக்கும் ஒரு காது மந்தம்தாம்மா. நாங்க ரெண்டு பேரும் பாதி நேரம் கையாலதான் பேசிக்கிருவோம். நம்ம ஷெட்டு மாதிரிதான்" என்று சொல்லிச் சிரித்தாய்.

நம் ஷெட்டில் கவனிக்கத் தவறினால் நூல் அறும், சேலையில் ஒரு கோடு விழும். கடைக்காரர் திட்டி விலையைக் குறைப்பார். உன் ஷெட்டுக்குப் பின்னால் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, உன்னை நம்பிக் கண்ணை மூடித் தூங்குகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அது எப்படி உனக்கு நம் ஷெட்டு மாதிரி ஆகும்?

காதையும் சோதிக்கிற மெடிக்கலில் எப்படிப் பாஸானாய் என்று கேட்டேன். அதற்கு முன்னால் நாலு நாள் லீவு போட்டுக் காதுக்கு ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் தெளியுமாம். மிச்சத்தை, சத்தம் கேட்டால் அமுக்கச் சொல்கிற பட்டனை ஒரு குத்துமதிப்பாக அமுக்கிச் சமாளித்துவிடுவாயாம். அடுத்த மெடிக்கல் கல்யாணத்துக்கு முன்னால் வருகிறது, "அது முடியுற வரைக்கும் யாருக்கும் சொல்லிராதம்மா, அந்தப் பிள்ள வீட்டுக்கும் சொல்லாத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். சொன்னால் கீழே இறக்கி உட்கார வைத்துவிடுவார்கள் என்றாய். உன் பயம் எனக்குப் புரிகிறது. பைலட்டு, பைலட்டு என்று தெருமுனையில் ஆளுயரத்துக்கு உன் படத்தைப் போட்டு பேனர் கட்டியவர்கள், நீ இறங்கி வந்தால் முதல் ஆளாக வந்து துக்கம் விசாரிப்பார்கள். அதற்காக மேலேயே இருந்துவிடலாம் என்கிறாயா? நானும் அன்றைக்கு மண்டையை ஆட்டினேன். இந்த வீட்டில் எல்லாருக்கும் தலையாட்டத் தெரியும்.

அந்த ஆட்டிய தலையோடு சில வாரம் ஓட்டினேன். அந்தப் பிள்ளையின் அம்மா எனக்குப் போன் செய்தார்கள். "மதினி, உங்க மகன் சொன்ன ஒரு வார்த்தைல எனக்குப் பாதி நோவு தீந்துபோச்சு. இந்தக் காலத்துல யாரு மாமியாளயும் சேத்து வச்சுக்கிருவேன்னு சொல்லுறாக?" என்று அழுதார்கள். கேள்வியே காதில் விழாமல் நீ சொன்ன வார்த்தைக்கு ஒரு தாய் எனக்கு நன்றி சொல்கிறாள். நான் "ஆமா மதினி, ஆமா மதினி" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கு மேல் போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு காரியம் செய்தாய். சென்னையில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்க நானும் அப்பாவும் போக வேண்டும் என்று மதுரையிலிருந்து டிக்கெட் போட்டு அனுப்பினாய். நீ ஓட்டுகிற விமானத்திலேயே. "அப்பா முதல் தடவையா என் பிளைட்ல வரட்டும்மா" என்று கீழே ஒரு சிரிக்கிற பொம்மை வேறு. உன் அப்பா அன்று சாயங்காலமே சலூனுக்குப் போய் முடிக்குச் சாயம் அடித்துக்கொண்டு வந்தார். வேட்டி போதுமா, பேண்டு தைக்க வேண்டுமா என்று என்னை நச்சரித்தார். வாசலில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, "எம் மகன் ஓட்டுற வண்டில வாரேன்யா மேல!" என்று சொன்னார். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

மறுநாள் காலை ஷெட்டில் தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் முன்னால் போய் நின்றேன். அங்கேயானால் வேறு யாருக்கும் கேட்காது. சுவரில் இருக்கிற உன் யூனிபார்ம் படத்தைச் சுட்டினேன். என் காதைத் தொட்டேன். கையை விரித்துக் காட்டினேன். அவ்வளவுதான். அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. ஒவ்வொரு தறியாகப் போய் நிறுத்தினார். பட்டப்பகலில், கரண்ட் இருக்கும்போது, நம் ஷெட்டு நின்றது இல்லை. பக்கத்து ஷெட்டிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. அவர் பாவுக் கட்டின் மேல் உட்கார்ந்து, வழக்கமான உரத்த குரலில், "அவனுக்கு அது தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்று தலையாட்டினேன்.

"தெரிஞ்சேதான் ஓட்டுறானா?"

அதற்கும் தலையாட்டினேன். அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு, "நான் ஏறல. நீயும் ஏறாத. ரயிலுக்குப் பாரு" என்றார். அதை மட்டும் மெதுவாகச் சொன்னார். நான் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அந்த மனுஷன் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

நேற்று நம் தெருவில் இருக்கிற கம்ப்யூட்டர் சென்டரில் போய் அந்த இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்தேன். அங்கே இருந்த பெண் நல்ல பிள்ளை. நான் முகம் வாடி நின்றதைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொல்கிறதாக நினைத்து, "கவலைப்படாதீங்கம்மா, கல்யாண சீசன், இந்த ரெண்டு சீட்டும் உடனே வித்துரும்" என்றாள். வீடு வரும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பெற்றவர்கள் நாங்கள், விஷயம் தெரிந்ததால் இறங்கிக்கொண்டோம். அந்த இரண்டு இடத்தில் ஏறப் போகிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. என்னையும் தெரியாது. அவர்களிடம் யார் சொல்வது?